பழைய டீசல் கார் வாங்கப் போறீங்களா? ஆறிய என்ஜினைக் கேளுங்கள்!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுக்க உட்காரும் குடும்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சேலையைத் திருப்பிப் போட்டுக் கோர்வை சேர்ந்த இடத்தைத் தடவுவார்கள். ஜரிகை அசலா, ஹாஃப் ஃபைனா என்று கேட்பார்கள். முந்தானையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். எடுக்கவே அரை நாள் ஆகும். அதே குடும்பம் நான்கு லட்ச ரூபாய்க்குப் பழைய டீசல் கார் வாங்கும்போது, பாலிஷ் போட்ட பானெட்டையும் புது சீட் கவரையும் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறது. இந்த அவசரம் எனக்குப் பெரிய வருத்தம். பட்டில் காட்டும் பொறுமையில் பாதியைக் காரில் காட்டினாலும் பல குடும்பங்களின் சேமிப்பு தப்பிக்கும்.

டீசல் மேல் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை? 2012 மே மாதம் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 77 ரூபாயைத் தாண்டியது. டீசல் 44 ரூபாயை ஒட்டி நின்றது. லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் மிச்சம், மைலேஜும் கூடுதல் என்றால் யார்தான் விடுவார்கள்? ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று வேறு வேறு பெயரில் ஓடியவற்றுக்குள் இருந்தது ஃபியட்டின் அதே 1248 சிசி டீசல் என்ஜின்தான். அந்தச் சமயத்தில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது, இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ரெனோ, நிஸான், ஃபோக்ஸ்வாகன் என மற்றவர்களும் விலகினார்கள். சின்ன டீசல் கார் வேண்டும் என்றால் இன்று பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 மார்ச்சில் விலை குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேலும், டீசல் 92 ரூபாயை ஒட்டியும் இருந்தது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். டீசல் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர், பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். அந்த விலையில் மாதம் சுமார் 2,100 ரூபாய் மிச்சம். ஓட்டம் 300 கிலோமீட்டர்தான் என்றால் மிச்சம் 650 ரூபாயைத் தொடாது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று கெட்டால் அந்த மிச்சம் மொத்தமும் ஒரே நாளில் போய்விடும். வாரத்தில் இரண்டு முறை சென்னை போய் வருகிறவர், பட்டுப் பெட்டிகளோடு வேலூர், பெங்களூரு என்று அலைகிறவர், மாதாமாதம் குடும்பத்தோடு திருப்பதியோ திருவண்ணாமலையோ போகிறவர் ஆகியோருக்கு டீசல் சரி. பிள்ளையார்பாளையத்தில் வீடு, ராஜ வீதியில் கடை, நடுவே நாலு கிலோமீட்டர் என்றால் தயவுசெய்து பெட்ரோல் வாங்குங்கள்.

பி.எஸ்.6 டீசலில் இந்த ஓட்டக் கணக்கு இன்னும் முக்கியம். அதன் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அதுவே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும், நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். கோயிலைச் சுற்றியே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் விளக்கு எரியும், பவர் குறையும், பிறகு பெரிய பில் வரும். குறைவாக ஓடிய, வீட்டு வாசலிலேயே நின்ற பி.எஸ்.6 டீசலைவிட, சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓயாமல் ஓடிய வண்டி பல சமயம் நல்ல நிலையில் இருப்பது இதனால்தான்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. காரைப் பார்க்க எப்போது போக வேண்டும்? விடிந்ததும், அதுவும் வண்டி ராத்திரி முழுக்க நின்ற இடத்துக்கே. முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? நீங்கள் வரும் முன்பே ஒரு முறை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள். "மத்தியானம் வரேண்ணா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் காலையில் போய் நில்லுங்கள்.

ஆறிய என்ஜினில் சாவியைத் திருப்பினால் ஸ்ப்ரிங் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணைந்ததும் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று விநாடிக்குள் என்ஜின் பிடிக்க வேண்டும். இழுத்து இழுத்துப் பிடித்து, வெள்ளைப் புகை கக்கி, ஒரு நிமிடம் தடதடவென ஆடினால் இன்ஜெக்டரிலோ கம்ப்ரஷனிலோ சிக்கல். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை ஏர் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், டர்போ குழாய் கசிவாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுந்து, உள்ளிருந்து புகை குப்குப்பென்று வந்தால் அதைத்தான் நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜின் அது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். டீசலில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. காபி நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால்தான் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிறகு பொன்னேரிக்கரை தாண்டி நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போங்கள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். 2000 ஆர்.பி.எம். அருகே டர்போ பிடித்து முதுகைச் சீட்டோடு அழுத்த வேண்டும். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

இதற்குப் பிறகும் கார் பிடித்திருந்தால் நல்ல டீசல் மெக்கானிக் ஒருவரிடம் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு சின்னக் குழாய் மாட்டி, திரும்பி வழியும் டீசலை நான்கு பாட்டிலில் பிடிப்பார். சில நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் நான்கிலும் அளவு ஏறத்தாழ ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மடமடவென நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. பல காமன் ரெயில் என்ஜின்களில் டீசல் 1600 பார் வரையிலான அழுத்தத்தில் பாய்கிறது. மயிரிழையைவிட மெல்லிய இடைவெளிகள் இன்ஜெக்டரில். கலப்பட டீசலும் மாற்றாத ஃபில்டரும் முதலில் கெடுப்பது இதைத்தான்.

டைமிங் பெல்ட்டா, செயினா என்றும் கேளுங்கள். மாருதியின் 1.3 லிட்டர் டீசலிலும் ஹூண்டாயின் 1.4, 1.6 லிட்டர் சி.ஆர்.டி.ஐ.யிலும் செயின். ஒரகடத்தில் உருவான டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலிலும், மறைமலை நகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசலிலும், 2005-இல் வந்த பழைய இன்னோவாவிலும் பெல்ட். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வைப் போய் இடிக்கும், என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

மீட்டரை நம்பவே கூடாது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளுக்கு மூன்று ஷிஃப்டிலும் ஆள் ஏற்றிய டீசல் கேப்கள் நம் பக்கம் ஏராளம். டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றி, மீட்டரைக் குறைத்து, "ஒரே ஓனர், டாக்டர் வண்டி சார்" என்று விற்பவர்கள் உண்டு. பழைய பதிவு வகை என்ன என்று விசாரியுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி ஜாப் கார்டு வரலாற்றைக் கேளுங்கள். 60,000 காட்டும் காரில் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டீயரிங் தோல் பளபளத்தால் மீட்டரைவிடப் பெடலை நம்புங்கள். என்னைக் கேட்டால், சர்வீஸ் ஃபைலோடு வரும் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வண்டியை, ஃபைல் இல்லாத 60,000 வண்டிக்கு முன்னால் எடுப்பேன்.

வெள்ளத்தை மறந்துவிடக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையோடு சேர்ந்து அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூழ்கிய கார்களும் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் அது நகரும் ரெயில் கம்பியில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

டெல்லியில் பத்து வயதான டீசல் காருக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை போட்டது; 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வந்தன. விலை குறைவு என்று மயங்காமல், அங்கத்திய என்.ஓ.சி. இருக்கிறதா, தமிழ்நாட்டில் ஆயுள் வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ.வில் முதலில் கேளுங்கள். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். கடன் இருந்திருந்தால் ஹைப்பாதிகேஷன் ரத்தான சான்று வேண்டும். 15 ஆண்டுப் பதிவில் மிச்சம் எத்தனை வருடம் என்பதையும் விலையில் சேருங்கள்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றும் வரை ஆர்.சி.யில் இருப்பவரே உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவர் மேல்தான் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாஹன் தளத்தில் நீங்களே பாருங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த வாரமே, பூஜை போட்ட கையோடு, ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் நான்கையும் மாற்றிவிடுங்கள். முந்தையவர் என்றைக்கு மாற்றினார் என்ற விசாரணையே வேண்டாம். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கையேட்டில் போட்ட கிரேடைத் தாண்டி யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தால் முழுக்க இறக்கிப் புதிதாக நிரப்புங்கள். பழைய டீசல் ஃபில்டரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று, அதை ஒரு கண்ணாடி டம்ளரில் கவிழ்க்கச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் தங்கி நின்றால் டேங்க்கையும் இறக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் புது ஃபில்டர் மாட்ட வேண்டும்.