சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

ஆஸ்துமாவுக்குத் தரும் ரோட்டாகேப், பார்வைக்கு மற்ற கேப்ஸ்யூல்களைப் போலத்தான் இருக்கும். அதை ரோட்டாஹேலர் என்ற சிறு கருவிக்குள் செருகித் திருகி, உள்ளிருந்து கொட்டும் பொடியை வாயால் வேகமாக உறிஞ்ச வேண்டும். ஆனால் கேப்ஸ்யூலைக் கண்டால் தண்ணீரைத் தேடுவது நம் பழக்கம். அப்படியே விழுங்கிவிட்டு, "மருந்து கேட்கவே இல்லை சிஸ்டர்" என்று திரும்பி வருபவர்கள் உண்டு. மருந்தில் ஒரு குறையும் இல்லை. நுரையீரலுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போய்விட்டது.

மருந்துச் சீட்டை எழுதுவது டாக்டர், எடுத்துக் கொடுப்பது மருந்தாளுநர். அதை எப்போது, எப்படி, எதோடு எடுப்பது என்று சொல்லித் தருவதும், உள்ளே போன மருந்து என்ன செய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பதும் பெரும்பாலும் செவிலியரின் வேலை. அதற்காகவே நர்சிங் படிப்பில் மருந்தியல் ஒரு பாடமாக இருக்கிறது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே பால பாடம். மூச்சுக்கும் வயிற்றுக்கும் தரும் மருந்துகளை வீட்டில் நாமே எடுத்துக்கொள்ளும்போது, எளிதில் தவறிப்போவது கடைசி இரண்டும்தான்.

இன்ஹேலர் உருவான கதையில் ஒரு சிறுமி வருகிறாள். அமெரிக்காவின் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மைசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில் கண்ணாடிக் குடுவையில் மருந்தை ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கித்தான் உள்ளே இழுக்க வேண்டும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல இதையும் டப்பாவில் அடைத்துத் தரக் கூடாதா என்று 1955-ல் அவள் அப்பாவைக் கேட்டாள். 1956-ல் அழுத்தினால் அளவாகப் பீய்ச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது.

இன்று நாம் 'பஃப்' என்று சொல்லும் மருந்துகளில் முதன்மையானது 1969-ல் சந்தைக்கு வந்த சால்புட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தசையை இது தளர்த்துகிறது. சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். "பஃப் பழகிவிட்டால் விட முடியாது, மாத்திரையே தேவலை" என்று பயப்படுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்கு வருகிறது. வழியில் கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்கச் செய்யும்.

ஆனால் பஃப்பை எடுக்கிற விதத்தில் எடுத்தால்தான் இந்த லாபம். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுத்த மூச்சைச் சுமார் 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப் போகவில்லை என்றால், மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் என்ற குழாயைச் சேர்த்துத் தருவது இதனால்தான். பொடி வகைக்கு விதி வேறு: அங்கே வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும்.

வார்டில் நெபுலைசர் வைக்கும் செவிலியர், அதற்கு முன்னும் பின்னும் நாடியைப் பிடித்துப் பார்ப்பது வெறும் சடங்கு அல்ல. சால்புட்டமால் இதயத் துடிப்பைக் கூட்டும். அடுத்தடுத்துக் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையவும் கூடும்.

பலருக்கு இரண்டாவது மருந்தாக ஸ்டீராய்டு இன்ஹேலர் தரப்படுகிறது. பியூடெசோனைடு இந்த வகை. இது தசையைத் தளர்த்துவதில்லை. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியை நாள்கணக்கில், வாரக்கணக்கில் தணிக்கிறது. எடுத்த உடனே சுகம் தெரியாததால், "இது வேலை செய்யவில்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஆஸ்துமாவுக்குச் சால்புட்டமாலை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது, ஸ்டீராய்டு இன்ஹேலரும் சிகிச்சையில் இருக்க வேண்டும் என்று 'கினா' என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு 2019-ல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது. இரண்டையும் தனித்தனியாக எழுதியிருந்தால், முதலில் சால்புட்டமால், சில நிமிடம் கழித்து ஸ்டீராய்டு. பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படரும், குரலும் கம்மும்.

டெரிபிலின் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மாத்திரையில் இருக்கும் தியோபிலின், காபியில் உள்ள காஃபீனுக்கு நெருங்கிய உறவு. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பதே அதன் வழக்கமான எல்லை. அதைத் தாண்டினால் வாந்தி, படபடப்பு, மிக அதிகமானால் வலிப்புகூட வரலாம். நடுவில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தால் அளவு ஏறிவிடும். பீடி, சிகரெட் பழக்கம் அளவைக் குறைக்கும். திடீரென்று அதை நிறுத்தினால் அளவு கூடும். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? புகைபிடிப்பீங்களா?" என்று சிஸ்டர் கேட்டால் சங்கடப்படாமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

சளிக்கு வருவோம். நம் வேலியோரத்து ஆடாதோடைக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றி உருவானதே புரோம்ஹெக்சின். புரோம்ஹெக்சின் உடம்புக்குள் மாறி உண்டாகும் பொருள் அம்ப்ராக்சால். கெட்டிச் சளியை இளக்கும் சிரப்புகள் பலவற்றில் இவை இருக்கின்றன. சளி இளகி வெளியே வரத் தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயம் வேறு. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தச் சிரப்பில், டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வு கண்டுபிடித்தது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி சிரப் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

வயிற்றுப் பக்கம் வந்தால், 'கேஸ் மாத்திரை' இல்லாத மருந்துச் சீட்டு அபூர்வம். 1988-ல் வந்த ஓமெப்ரசோலும் அதன் தம்பியான பேன்டோப்ரசோலும், இரைப்பையில் அமிலம் சுரக்கும் நுண்ணிய பம்புகளை அடைக்கின்றன. சாப்பாடு உள்ளே வரும்போதுதான் அந்தப் பம்புகள் விழித்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்கிறார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு எரிந்த பிறகு போட்டால் முழுப் பலன் கிடைக்காது. இந்த மாத்திரைகளை நுணுக்கவும் கூடாது. அமிலத்தில் கெடாமல் இருக்கத்தான் மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். இவற்றின் தேவை முடிந்த பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்தால், வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம்.

ஜெலுசில், டைஜீன் போன்றவை வேறு வகை. சுரந்துவிட்ட அமிலத்தை அவை தணிக்கின்றன. அவற்றில் மக்னீசியம் பேதியைத் தூண்டும், அலுமினியம் மலச்சிக்கல் தரும். இரண்டையும் சேர்த்தே கலப்பதற்கு இதுவே காரணம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் இவை இடைஞ்சல் செய்யும். நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியைச் செவிலியர்கள் மெதுவாக ஏற்றுவார்கள். வேகமாக ஏறினால் நோயாளிக்கு இருப்புக் கொள்ளாத பதற்றம் வரும். அரிதாக, குறிப்பாக இளவயதினருக்கு, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கண் மேலே செருகும். வலிப்பு என்று உறவினர்கள் அலறுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு என்று உடனே அடையாளம் கண்டால், மாற்று ஊசியில் அடங்கிவிடும்.

வயிற்றுப்போக்குக்கு இத்தனை மருந்துகள் வந்தும் முதலிடம் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குத்தான். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கத் துணிந்தார். 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. குடலில் குளுக்கோஸ் போகும்போது சோடியத்தையும் கூட்டிச் செல்கிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அந்த விகிதத்தில்தான் உயிரே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கைக்கணக்கில் போடுவது, ருசிக்காகக் கூடுதல் சர்க்கரை சேர்ப்பது இரண்டும் தவறு. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடரலாம். கூடவே துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் தரச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. பேதியை உடனே நிறுத்தும் லோப்பரமைடு சிறு குழந்தைகளுக்கு ஆகாது. ரத்தமும் காய்ச்சலும் இருந்தால் பெரியவர்களுக்கும் ஆகாது. வெளியேற வேண்டிய கிருமி குடலிலேயே தங்கிவிடும்.

மலச்சிக்கலுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் சென்னா, நம் தென்மாவட்டங்களில் விளையும் நிலாவாரைதான். 'டின்னவெல்லி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரிலேயே அது ஏற்றுமதியாகிறது. வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால், படுக்கப் போகும்போது தருகிறார்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பஃப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிஸ்டர் எதிரில் ஒருமுறை பஃப் எடுத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், எதோடு சேரக் கூடாது என்று கேட்டு, அட்டை மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.