கிரீன் வேகமானா பட் ஏன் தப்புது? கேரம் போர்டு, மொட்டை மாடி, கொஞ்சம் கணக்கு

இன்னைக்கு எபிசோட் ஒரு அவமானத்துல இருந்து ஆரம்பிக்குது.

ஆபீஸ்ல என் டீம் லீட் கோல்ஃப் ஆடுவார். "நீயும் வாடா"ன்னு கூப்பிட்டார். நான் உடனே ஒரு பட்டிங் மேட் வாங்கி, வீட்டு ஹால்ல விரிச்சு, ரெண்டு மாசம் பயிற்சி எடுத்தேன். கோல்ஃப் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: துளையைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரைக்கு கிரீன்னு பேர். அதுல பந்தைத் தூக்கி அடிக்காம உருட்டுறதுதான் பட். என் மேட்ல பத்துக்கு ஏழு விழும். அந்த தைரியத்துல மைதானத்துக்குப் போனேன்.

முதல் கிரீன். துளை பத்தடி தூரத்துல, லேசான இறக்கத்துல இருக்கு. மேட்ல தட்டுற மாதிரியே தட்டினேன். பந்து துளையைத் தாண்டி, கிரீனையும் தாண்டி, பக்கத்துப் புல்லுக்குள்ள போயிடுச்சு. திரும்பி வந்து உள்ள போட இன்னும் மூணு அடி.

"கிரீன் ரொம்ப ஃபாஸ்ட்"னு புலம்பினேன். பையைத் தூக்கிட்டு வந்து ஆலோசனையும் சொல்றவருக்கு கோல்ஃப்ல கேடின்னு பேர் (நம்ம ஊர் கேடி இல்ல!). அந்த அண்ணா சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "சார், வேகத்தைப் பாத்து பயப்படாதீங்க. சரிவைப் பாருங்க."

அவர் சொன்னது எவ்வளவு சரின்னு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டப்போதான் புரிஞ்சது.

வேகத்தை எப்படி அளக்குறாங்க?

கேரம் போர்டை நினைச்சுக்கோங்க. பவுடர் போடாத போர்டுல ஸ்ட்ரைக்கர் பாதியிலயே நின்னுடும். பவுடர் போட்டா அதே சுண்டுக்கு எதிர்ப் பக்கம் முட்டித் திரும்பும். சுண்டினது ஒரே விசைதான், மாறினது தரை. கிரீன் வேகம்னா இதுதான்: பந்தோட வேகம் இல்ல, தரை பந்தை எவ்வளவு கம்மியா தடுக்குதுங்கிறது.

1935-ல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் நடந்தது. ஜீன் சாரசன் பட் செய்த பந்து கிரீனை விட்டே உருண்டு மணல் குழிக்குள் போனதை, எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற கோல்ஃப் ஆட்டக்காரர் பார்த்தார். தரை அவ்வளவு வேகமா என்று நிரூபிக்க, மரத்தில் ஒரு கருவி செய்தார். அதுதான் ஸ்டிம்ப்மீட்டர். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை 1976-ல் அலுமினியத்தில் மாற்றி வடிவமைத்து, 1978-ல் மைதானப் பராமரிப்பாளர்களுக்குக் கொடுத்தது.

கருவி ரொம்ப எளிமை. மூணடி நீளத்துல 'வி' வடிவ பள்ளம் உள்ள ஒரு தகடு. மேல் முனைக்குப் பக்கத்துல உள்ள வெட்டுல பந்தை வெச்சு, அந்த முனையை மெதுவா தூக்கணும். சுமார் 20 டிகிரி வந்ததும் பந்து தானா உருளும். ஒவ்வொரு தடவையும் அதே வேகத்துலதான் தரைக்கு வரும், நொடிக்கு சுமார் 1.8 மீட்டர். எத்தனை அடி ஓடி நிக்குதோ அதுதான் கிரீன் வேகம். சமமான இடத்துல ஒரு திசையில மூணு பந்து, எதிர்த் திசையில மூணு பந்து விட்டு சராசரி எடுப்பாங்க.

1970-களில் அந்தச் சங்கம் அமெரிக்க மைதானங்களை அளந்தபோது சராசரி சுமார் ஆறரை அடிதான். இன்னைக்கு பெரிய தொழில்முறைப் போட்டிகள்ல 11, 12 எல்லாம் சர்வசாதாரணம்.

சமதரையில் ஒரு ஆச்சரியம்

பந்து ஓடுற தூரம், கிளம்புற வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து சதவீதம் வேகமா அடிச்சா 21 சதவீதம் அதிக தூரம் போகும். பத்தடி போக வேண்டிய பந்து 12 அடி போகும். இந்தக் கணக்கு கிரீன் வேகம் 8-ஆ இருந்தாலும் ஒண்ணுதான், 12-ஆ இருந்தாலும் ஒண்ணுதான்! அப்போ சமதரையில கிரீனோட வேகம் மட்டும் நம்மைக் கவுக்குறதில்ல. ஒட்ட வெட்டின தரையில பந்து தடுமாறாம உருளுங்கிறதால, அது ஒரு வகையில வசதியும்கூட.

நம்மைக் கவுக்குறது பழக்கம். 8-லிருந்து 12-க்குப் போனா, அதே பத்தடிக்கு பந்தை 18 சதவீதம் மெதுவா தட்டணும். ரெண்டு மாசம் மேட்ல பழகின கைக்கு அது தெரியாது.

இப்போ சரிவைச் சேருங்க

மொட்டை மாடியில கிரிக்கெட் ஆடினவங்களுக்குத் தெரியும். தளம் சமமாத்தான் தெரியும். ஆனா பந்து எப்பவும் தண்ணி போற குழாய்ப் பக்கமே உருளும். கிரீனும் அப்படித்தான், மழைத் தண்ணி வடியணும்னே சரிவு வெச்சிருப்பாங்க.

நூறு அடிக்கு மூணடி இறங்குற சரிவுன்னு வெச்சுக்கோங்க, அதாவது 3 சதவீதம். சமதரையில சரியா பத்தடி போற மாதிரி பந்தைத் தட்டுறோம். நான் போட்ட கணக்கு இது:

கிரீன் வேகம் 8: இறக்கத்தில் சுமார் 14 அடி, ஏற்றத்தில் 7.7 அடி.
கிரீன் வேகம் 12: இறக்கத்தில் சுமார் 18 அடி, ஏற்றத்தில் 7 அடிகூட இல்லை.
கிரீன் வேகம் 14: இறக்கத்தில் 21 அடிக்கும் மேல்.

புவியீர்ப்பு மாறல, சரிவும் மாறல. பந்தைப் பிடிச்சு நிறுத்துற பிரேக் மட்டும் தேஞ்சு போச்சு. அதனால சரிவோட கை ஓங்குது. பக்கவாட்டுச் சரிவுலயும் இதே கதை: வேகமான தரையில பந்து அதிக நேரம் உருளும், அதனால அதிகமா வளையும். 8-லிருந்து 12-க்குப் போனா வளைவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. துளையோட அகலம் நாலேகால் அங்குலம். துளைக்கு வரும்போது நொடிக்கு சுமார் 1.6 மீட்டருக்கு மேல வேகம் இருந்தா, பந்து நடுவுல வந்தாலும் தாண்டிடும். அந்த வேகத்துல சமதரையில துளையைத் தவறவிட்ட பந்து, 8-ல சுமார் ஆறடி தள்ளி நிக்கும். 12-ல ஒன்பதடி! எட்டடி பட்டை தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் உள்ள போடுறாங்க. அப்போ நம்ம கதி?

அளவுகோலே இலக்கானா?

எல்லா கிரீனும் ஒரே மாதிரி இருக்கான்னு பார்க்கத்தான் பராமரிப்பாளர்கள் கையில அந்தக் கருவியைக் கொடுத்தாங்க. ஆனா ஒரு எண் கைக்கு வந்ததும், "உங்க மைதானம் பத்தா? எங்களது பன்னிரண்டு"ன்னு போட்டி ஆரம்பிச்சிடுச்சு. சாஃப்ட்வேர்காரனுக்கு இது ரொம்பப் பழகின கதை. எத்தனை வரி கோட் எழுதினேன்னு எண்ண ஆரம்பிச்ச அன்னைக்கே நல்ல கோட் செத்துடும்.

கிரீன் மெதுவா இருந்த காலத்துல, தைரியமான சரிவுகளோட கட்டின பழைய மைதானங்கள் பல இருக்கு. 6 சதவீதச் சரிவுல, வேகம் 8-ஆ இருந்தா உருளுற பந்து எங்கேயாவது நிக்கும். 14-ஆ இருந்தா நிக்கவே நிக்காது. 2004 யு.எஸ். ஓப்பனில், ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தின் ஏழாவது கிரீனில் பந்து நிற்காமல் போய், கடைசி நாள் ஆட்டத்துக்கு நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். 2018-ல் அதே மைதானத்தில், ஃபில் மிக்கெல்சன் பொறுமையிழந்து, உருண்டு போய்க்கொண்டிருந்த பந்தை ஓடிப்போய்த் திருப்பி அடித்து, இரண்டு அடி அபராதம் வாங்கினார். வேகத்துக்காகச் சில மைதானங்கள்ல பழைய சரிவுகளைச் சமப்படுத்தியும் விட்டாங்க. எனக்கு அதுதான் வருத்தம். சரிவுதானே அந்த ஆட்டத்தோட மூளை? அதை அழிச்சுட்டா மிச்சம் என் ஹால்ல கிடக்குற மேட்தான்.

சரி, என்ன செய்யலாம்?

ஆட்டத்துக்கு முன்னாடி பயிற்சி கிரீன்ல துளையை மறந்துட்டு, ஏத்தத்துல மூணு பந்து, இறக்கத்துல மூணு பந்து உருட்டிப் பாருங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்னைய பாடம். ரெண்டாவது, பந்து துளைக்குக் கீழ்ப் பக்கம் நிக்கற மாதிரி திட்டம் போடுங்க. அடுத்த பட் ஏத்தத்துல கிடைக்கும். மூணாவது, கடைசி ரெண்டு அடிச் சரிவை நல்லா பாருங்க. பந்து வேகம் இழந்து அதிகமா வளையுறது அங்கதான்.

போன மாசம் திரும்பப் போனேன். அதே கிரீன். பந்தை வைக்கிறதுக்கு முன்னாடி சுத்தி நடந்து போய்க் கீழ இருந்து பார்த்தேன். முதல் பட் ரெண்டடி முன்னாடியே நின்னுடுச்சு, உள்ள போகல. ரெண்டாவதுல விழுந்தது. கேடி அண்ணா ஒண்ணும் சொல்லல. கொடிக் கம்பத்தைத் திரும்ப நட்டுட்டு, அடுத்த இடத்துக்கு நடக்க ஆரம்பிச்சார். போன தடவை நாலு, இந்தத் தடவை ரெண்டு. எனக்கு அது போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!