வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடலாம் காசிக்கு வழிகாட்டி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், ரயில் டிக்கெட்டையும் தங்கும் அறையையும் இணையத்தில் பதிவு செய்தவுடன் பயண ஏற்பாடு முடிந்துவிட்டது என எண்ணுகின்றனர். ஊரைச் சுற்றிக் காட்டப் போவது யார் என்பதை மட்டும் ரயில் நிலைய வாசலில் முடிவு செய்கின்றனர். அந்த வேலையையும் வீட்டிலிருந்தபடியே செய்திடலாம். என் பெற்றோரின் காசிப் பயணத்திற்கு நான் பின்பற்றிய வழிகளை இங்கு தருகிறேன். வேறு ஊர்களுக்கும் இவை பயன்படும்.

அம்மாவுக்கு வயது 70. மூட்டு வலியால் படி இறங்குவது சிரமம். விஸ்வநாதர் தரிசனமும் கங்கையும் அவர் ஆசை. அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். அவருக்குச் சாரநாத் பார்க்க வேண்டும். இருவருக்கும் இந்தி தெரியாது. எனக்கு விடுமுறை கிடைக்காததால் அவர்கள் தனியாகத்தான் செல்ல வேண்டியிருந்தது. எனவே நம்பிக்கையான ஒருவரைக் கண்டுபிடிப்பது கட்டாயமாயிற்று.

யார் வழிகாட்டி?

காசியில் நம்மை அணுகுபவர்களில் மூன்று வகையினர் உண்டு. பிதுர் காரியங்களைச் செய்து வைப்பவர் வாத்தியார் அல்லது பண்டா. வரலாறும் கலையும் சொல்லி இடங்களைக் காட்டுபவர் வழிகாட்டி. கடைக்கு அழைத்துச் சென்று கமிஷன் பெறுபவர் தரகர். மூன்றாமவர் தன்னையும் வழிகாட்டி என்றே சொல்லிக் கொள்வார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருக்கின்றனர். அவர்களிடம் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை இருக்கும். அதில் உரிமம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும்.

தேடும் முறை

1. பிரவுசரில் கூகுள் தளத்தைத் திறந்து, ஊர்ப் பெயருடன் டூரிஸ்ட் கைடு, தமிழ் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பின்னர் அதையே தமிழ் எழுத்துக்களில் டைப் செய்து தேடுங்கள். இரண்டிற்கும் வேறு வேறு முடிவுகள் கிடைக்கும்.

2. முடிவுகளில் ஸ்பான்சர்டு எனக் குறிக்கப்பட்டிருப்பவை விளம்பரங்கள். முதலில் இருப்பதாலேயே அவை சிறந்தவை ஆகிவிடாது.

3. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு லிங்க்கில் கிளிக் செய்தால், அந்தத் தளம் தனி டேபில் திறக்கும். தேடல் முடிவுகள் அப்படியே இருக்கும். தேவையான தளத்தை கண்ட்ரோல் + டி அழுத்தி புக்மார்க் செய்து கொள்ளலாம்.

4. கூகுள் மேப்பில் வழிகாட்டி பற்றிய விமர்சனங்கள் இருந்தால், புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். "சூப்பர்", "நைஸ்" என்று ஒரு சொல்லில் முடிபவை உதவாது. வயதானவர்களுடன் சென்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் எனத் தேடிப் படியுங்கள்.

ஒரே கடிதம், மூன்று பேர்

இவ்வாறு தேடியதில் மூன்று பேர் தேறினர். மூவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். ஒரு நாளைக்குக் கட்டணம் எவ்வளவு, வண்டியும் படகும் அதில் சேருமா, உரிமத்தின் நகல் அனுப்ப முடியுமா, அம்மாவுக்குப் படிகள் குறைவாக எப்படிக் காட்டுவீர்கள், கடைகளுக்குச் செல்லாமல் இருக்க முடியுமா என ஐந்து கேள்விகள்.

அத்துடன் வேண்டுமென்றே ஒரு சிறு சோதனையும் வைத்தேன். பயணத் திட்டத்தில் சாரநாத்தை வெள்ளிக்கிழமை என எழுதினேன். சாரநாத் அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரை அறிந்தவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

ஒருவர், "எல்லாம் செய்து தருகிறோம்" என்று எழுதி, முழுப் பணத்தையும் அன்றே அனுப்பச் சொன்னார். அம்மா அப்பாவின் ஆதார் நகலையும் கேட்டார். இன்னொருவர் கட்டணம் மட்டும் எழுதினார். மூன்றாமவர், "வெள்ளியன்று மியூசியம் பூட்டியிருக்கும். அசோகரின் சிங்கத் தூண் தலைப்பகுதி அங்கேதான் உள்ளது. சனிக்கு மாற்றுங்கள்" என்று எழுதி, அட்டையின் நகலையும் இணைத்திருந்தார். அனுமன் காட், கேதார் காட் படித்துறைப் பகுதிகளில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. இவர் அப்படி ஒரு குடும்பத்தவர். அவரையே தேர்ந்தெடுத்தேன்.

முடிவு செய்யும் முன் அம்மாவை அவருடன் போனில் பேசச் சொன்னேன். அம்மாவுக்குக் காது சற்று மந்தம். அவர் நிறுத்தி, திரும்பச் சொல்லிப் பேசினார். எந்த இணைய தளமும் இதைச் சொல்லாது.

பணம் கொடுக்கும்போது

முழுத் தொகையையும் முன்கூட்டியே தர வேண்டாம். நான் கால் பங்கு மட்டும் அனுப்பினேன். மீதியைத் தினமும் மாலையில் கொடுப்பதாகப் பேச்சு. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி எவராவது கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவோ பின் எண்ணை அழுத்தவோ சொன்னால் செய்ய வேண்டாம். யு.பி.ஐ. வழியில் பணம் பெறப் பின் எண் தேவையே இல்லை. ஆதார் நகலையும் முன்பின் தெரியாதவருக்கு அனுப்பக் கூடாது.

பிரிண்ட் எடுங்கள்

எல்லாம் மொபைல் போனில் இருக்கிறதே, காகிதம் எதற்கு என்று கேட்கலாம். விஸ்வநாதர் கோயிலுக்குள் போன் கொண்டு செல்ல அனுமதி இல்லை. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நெரிசலில் பிரிந்துவிட்டால் எண்ணுக்கு எங்கே போவது? எனவே வழிகாட்டியின் பெயர், எண், சந்திக்க வேண்டிய இடம், விடுதி முகவரி ஆகியவற்றை வேர்டில் டைப் செய்து, எழுத்தின் அளவை 18 ஆக்கி, பிரிண்ட் எடுத்தேன். முகவரியை மட்டும் கூகுள் டிரான்ஸ்லேட் வழியாக இந்தியிலும் சேர்த்து, வழிகாட்டியிடம் அனுப்பிச் சரிபார்த்தேன். இருவர் பையிலும் ஆளுக்கொரு தாள்.

அப்பாவுக்காக இன்னொரு தாளும் தயாரித்தேன். இப்போதுள்ள விஸ்வநாதர் கோயில் 1780ல் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. கோயில் வளாகத்தை கங்கைக்கரையுடன் இணைக்கும் புதிய பாதை 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. சிங்கத் தலைப்பகுதி 1904-05 அகழாய்வில் கிடைத்தது. இப்படி ஒரு பக்கம். அடிப்படை தெரிந்தவரிடம் வழிகாட்டியும் கட்டுக்கதை சொல்லி நேரத்தைக் கழிக்க மாட்டார்.

பயணத்தில் கிடைத்தது

அருங்காட்சியகத்தில் வழிகாட்டி அப்பாவைச் சிங்கங்களைச் சுற்றி நடக்க வைத்திருக்கிறார். நாணயத்தில் மூன்று சிங்கங்களே தெரியும். நான்காவதையும் நேரில் பார்த்ததை அப்பா இன்றும் சொல்கிறார். அம்மாவைப் படிகள் குறைந்த இடமாகப் பார்த்துப் படகில் ஏற்றி, ஆற்றிலிருந்தே ஆரத்தியைக் காட்டியிருக்கிறார். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விஸ்வநாதர் பூஜைக்குப் பொருட்கள் கொண்டு செல்லப்படுவதையும் அம்மா பார்த்தார். இது நான் தேடிய எந்தத் தளத்திலும் கண்ணில் படாத செய்தி.

நீங்களும் முயற்சி செய்து பாருங்கள். காசி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது. கங்கையில் வெள்ளம் ஏறிப் படித்துறைகள் மூழ்கும், படகுகளும் நிறுத்தப்படும். எந்த ஊரானாலும், வழிகாட்டிக்கு எழுதும் முன் அந்த ஊரைப் பற்றி அரை மணி நேரம் இணையத்தில் படியுங்கள். அவர் தரும் பதிலை எடைபோட அந்த அரை மணி நேரமே உதவும்.