மொழிக்கும் ஒரு கோச்

கண்டக்குழியில் சிங்களம் காதில் விழ வேண்டுமென்றால் வீட்டு வாசலைத் தாண்டினால் போதும். கல்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில் இருக்கும் இந்த ஊரில் மீன்வாடி, பஸ், கடை என்று எங்கு போனாலும் தமிழும் சிங்களமும் கலந்துதான் புழங்குகின்றன. டொல்பின் பார்க்க வருகிறவர்களும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்க வருகிறவர்களும் போதாக்குறைக்கு ஆங்கிலத்தையும் ஐரோப்பிய மொழிகளையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பேசிப் பழக ஆளில்லை என்று இங்கே யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும், வருடக்கணக்காகச் சிங்களம் கேட்டும் மீனுக்கு விலை பேசுவதற்கு மேல் வாய் வராதவர்கள் உண்டு. புத்தகம் வாங்கியிருப்பார்கள், போனில் செயலியும் இறக்கியிருப்பார்கள். இரண்டும் மூன்றாம் கிழமையோடு தூங்கிப்போயிருக்கும்.

மொழிக் கோச் என்று ஒருவர் வேலைக்கு வருவது இந்த இடத்தில்தான். இவரை டியூஷன் மாஸ்டர் என்று நினைத்துவிடக் கூடாது. பாடம் நடத்தமாட்டார், நீங்கள் படிக்கிற மொழி அவருக்கே அரைகுறையாக இருக்கலாம். ஒரு மொழியைத் தானாகப் படிக்கிறவர் எங்கே வழுக்குவார், எங்கே சலித்துப்போவார் என்பது அவருக்குத் தெரியும். கிழமைக்கு ஒரு தரம் உட்கார்ந்து, எதைக் கேட்பது, யாரிடம் எதைப் பற்றிப் பேசுவது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்று திட்டம் போட்டுத் தருவார். அடுத்த கிழமை கணக்குக் கேட்பார். பட்டச் சறுக்கல் பழக்குகிறவர் மாணவனின் ஹெல்மெட்டில் ரேடியோவை மாட்டிவிட்டு, தள்ளி நின்று சொல்லிக்கொண்டே இருப்பாரே, அந்த மாதிரி. பலகையில் நிற்பது மாணவனின் பாடு.

மணிக்கணக்கைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்கும். ஆங்கிலம் பேசுகிற ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ வேலை செய்யுமளவு தேற 44 கிழமை, ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. தமிழருக்குச் சிங்களம் அவ்வளவு தூரமில்லை. இரண்டிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அதனால் பாதிதான் என்று வைத்தாலும் 550 மணி. கிழமைக்கு ஒரு மணி டியூஷனை மட்டும் நம்பினால் பத்து வருடத்துக்கு மேல் போகும். மிச்ச மணிகளை வகுப்புக்கு வெளியே தேட வேண்டும். அந்த மணிகளுக்குத்தான் கோச்.

பெயர் புதிதாக இருந்தாலும் தொழில் பழையது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், முதலில் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை வைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துகளைப் பிடித்துவிட்டார். பொருள் பிடிபடவில்லை, ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. பிறகு போர்த்துக்கீசம் உட்படப் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்ற துபாஷி கிடைத்தார். அதற்குப் பின் சீகன்பால்க் போட்டுக்கொண்ட கால அட்டவணைதான் நம் விஷயத்துக்கு முக்கியம். காலை ஏழு முதல் எட்டு வரை, ஏற்கெனவே எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திருப்பிப் பார்ப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, முன்பு படிக்காத தமிழ் நூல்கள். பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் விளக்குவார், புதுச்சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் படிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு. ஒருவர் வாசிக்க இவர் கேட்பார். திருப்புதல், புதுப் பாடம், கேட்டல் எல்லாமே அதில் இருக்கின்றன. என்ன, கோச்சும் அவரே, மாணவரும் அவரே. எல்லோருக்கும் அந்தப் பிடிவாதம் வராது.

பேசிக் காட்டுவதையும் வழிகாட்டுவதையும் இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கா. மொழியைப் பேசிக் காட்ட அதைத் தாய்மொழியாகக் கொண்டவர். என்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று வழிகாட்ட ஒரு மொழியியலாளர். லெனார்ட் புளூம்ஃபீல்ட் 1942இல் இதற்காகவே ஒரு சிறு கையேடு எழுதினார். போர் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு, 1969இல் பிரான்ஸின் நான்சி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு நிலையம் வேலைக்குப் போகும் பெரியவர்களைக் கவனித்தது. இலக்கு, பாடப்பொருள், தேறினோமா என்ற சோதனை எல்லாவற்றையும் படிக்கிறவரே தீர்மானிக்கட்டும், ஆலோசகர் கூட இருந்தால் போதும் என்றார்கள் அங்கே. இன்று இணையத்தில் கோச் என்று காசு வாங்குகிறவர்களுக்கு இதுதான் பூர்வீகம்.

நடைமுறையில் எப்படி? சுற்றுலாப் படகு ஓட்டும் இளைஞர் ஒருவர் சிங்களம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோச், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்.

“தம்பி, கொப்பியைக் காட்டுங்க.”

கொப்பியில் சிங்களச் சொற்கள் தமிழ் எழுத்தில் வரிசையாக இருக்கின்றன. ‘கஹ’ என்று ஓரிடத்தில், நேரே மரம் என்று பொருள். நாலு வரி தள்ளி மறுபடியும் ‘கஹ’, இப்போது மஞ்சள்.

“இதில எது எது, வாசியுங்க பார்ப்பம்.”

“ரெண்டும் ஒண்டுதானே சேர்?”

சிங்களக் காதுக்கு ஒன்றல்ல. மரத்தின் ககரம் ‘கங்கை’யின் இரண்டாம் ககரம் போல அதிர்ந்து வரும், மஞ்சளின் ககரம் ‘கண்’ போல அதிராமல் வரும். தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்தக் கொப்பியைப் படிக்கப் படிக்கத் தப்பு இறுகும். கோச் கொடுக்கிற வேலை மிகச் சின்னது. கொப்பியை மூடு; பக்கத்துப் படகுக்காரரிடம் இருபது சொல்லைச் சொல்ல வைத்துப் போனில் பதிந்துகொள்; காலையில் கேள், கூடவே சொல்; மூன்று நாள் விட்டு மறுபடி கேள். இடைவெளி விட்டுத் திருப்பினால் நினைவு நிற்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன் மீது சோதித்துப் பார்த்து எழுதிவிட்டார். ஆனால் அந்த இடைவெளியைக் கடைப்பிடிக்க முக்கால்வாசிப் பேருக்கு யாராவது தொணதொணவென்று கேட்க வேண்டியிருக்கிறது.

நல்ல கோச் முதல் நாளில் கேட்கிற கேள்வி: எதற்கு? பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவர் எல்லோருக்கும் வினை ஒன்றுதான், ‘யனவா’. எழுத்துச் சிங்களத்தில் நம்மைப் போலவே வினை ஆளுக்கு ஆள் மாறும். படகுக்காரருக்கு முதலாவது போதும். அரசாங்க உத்தியோகத்தர் கதை வேறு. 2007 ஜூலை 1க்குப் பின் சேவையில் சேர்ந்தவர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொல்கிறது; அவர் எழுத்து வழக்குக்கும் தயாராக வேண்டும். கேட்காமலே இருவருக்கும் ஒரே புத்தகத்தை நீட்டுகிற கோச்சிடம் இருந்து மெல்ல நழுவுவது நல்லது.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது சரிவராது என்பது என் எண்ணம். அவர்களுக்கு ஆசிரியர்தான் வேண்டும். மற்றவர்கள் மூன்று மாதம் என்று பேசி அமர்த்தலாம். முதல் நாளே இரண்டு நிமிடம் எதையாவது சிங்களத்தில் பேசிப் பதிந்து வையுங்கள், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அதே விஷயத்தைத் திரும்பப் பேசிப் பதியுங்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும். சந்திப்பில் உங்களைவிட அவரே அதிகம் பேசினால் கட்டணத்தில் பாதி வீண். மூன்றாம் மாதம் திட்டத்தை நீங்களே போட்டுக்கொண்டு போக வேண்டும், அவர் கோடு கிழித்துத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகும் கிழமை தவறாமல் வரச் சொன்னால் அவர் டியூஷன் நடத்துகிறார். அதற்கான காசை மட்டும் கொடுங்கள்.