தெருவுக்குமா சாதி?

பிள்ளைக்குப் பெயர் சூட்டுவோர் பெற்றோர். தெருவுக்குப் பெயர் சூட்டுவோர் யார்? ஊராட்சியும் நகராட்சியும்தானே என்பீர்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால், நம் ஊர்களில் பல தெருக்களுக்குப் பெயர் வைத்தது மன்றமுமல்ல, மக்களுமல்ல, சாதி!

வேலை தேடிச் செல்லும் இளைஞனிடம் முகவரி கேட்கிறார்கள். தெருப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில், கேட்டவர் அவன் குலத்தைக் கண்டுகொள்கிறார். தபால்காரர் கடிதம் சேர்ப்பதற்காக வைத்த பெயர், ஆளை எடைபோடும் தராசாகிவிடுகிறது. இது நீடிக்கலாமா என்று கேட்கிறோம்.

மாற்றும் முயற்சி புதிதன்று. 1978ஆம் ஆண்டிலேயே தெருப்பெயர்களிலிருந்து சாதியை நீக்க ஆணை பிறந்தது. 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், தெரு, சாலை, குடியிருப்பு, நீர்நிலை ஆகியவற்றின் சாதிப்பெயர்களை மாற்றும் நெறிமுறைகள் வந்தன.

உடனே எழுந்தது ஒரு கேலி: கோவை மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயரைச் சூட்டிவிட்டு இதென்ன ஆணை என்று! அங்கே போற்றப்படுவது ஒரு அறிவியல் மேதை. நாடு அவரை அறிந்த பெயர் அது. தியாகராயநகர் டாக்டர் நாயர் சாலையும், நீதிக்கட்சி கண்ட டி.எம்.நாயரைத்தான் நினைவூட்டுகிறது. ஒரு மனிதரை நினைவுகூர்வது வேறு. ஒரு கூட்டத்தை ஒதுக்கி நட்ட எல்லைக்கல்லைக் காப்பது வேறு.

1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் பொதுத்தெரு, தனியார் தெரு என்று பிரித்தது. இன்றும் மனை பிரித்து விற்போர், தெருவுக்குத் தாமே பெயரிடுகிறார்கள். குலப்பெருமையையும் சேர்த்து நட்டுவிடுவோர் உண்டு. பிறகு அத்தெரு தானப்பத்திரத்தின் வழியே உள்ளாட்சியின் கைக்கு வருகிறது. விளக்குக்கும் வடிகாலுக்கும் மக்கள் வரிப்பணம். பெயர் மட்டும் தனியாருடையதா? தெருவை ஏற்கும் நாளிலேயே பெயரையும் மன்றம் ஆராய்ந்து முடிவு செய்யட்டும்!

பலகையை மாற்றினால் மட்டும் போதாது. பட்டா, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் என்று ஏழையை அலுவலகம் அலுவலகமாக அலையவிடலாகாது. பெயரை மாற்றும் மன்றமே ஏடுகளையும் திருத்தச் செய்து தரவேண்டும். தெருமக்களைக் கூட்டிக் கேட்கவும் வேண்டும். மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகி அரை நூற்றாண்டு கடந்தும், பழம்பெயர் சொல்வோர் இருக்கின்றனர். பழக்கத்தின் பிடி அத்தகையது! பூவின் பெயரோ, புலவர் பெயரோ, மக்களே விரும்பித் தேர்ந்தால்தான் நாவில் நிலைக்கும்.

1924இல் வைக்கத்தில் பெரியார் சிறை சென்றது எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடப்பதற்காக! நடக்கும் உரிமை வந்துவிட்டது. நடக்கின்ற தெருவின் பெயர் இன்னும் நம்மைத் தரம் பிரிப்பதென்றால், அந்தப் போராட்டம் முடியவில்லை என்றுதான் பொருள்.