கரப்பானுக்கு எப்போது ஆன்டிபயாட்டிக்?

ஜெஞ்சாரோமில் நான் குடியிருக்கும் தாமானில், பிள்ளைக்குக் கரப்பான் கிளம்பினால் பல வீடுகளில் முதலில் தேடுவது போன முறை கிளினிக்கில் கொடுத்த கிரீமைத்தான். அது தீர்ந்திருந்தால் பக்கத்து வீட்டு அக்கா தம் வீட்டு டியூபைக் கொண்டு வருவார். அன்பினால் செய்கிற உதவிதான். ஆனால் அந்த டியூபில் ஆன்டிபயாட்டிக் இருந்தால், நன்மையைவிடக் கெடுதலே அதிகம்.

மருத்துவர்கள் எக்ஸிமா என்று சொல்லும் கரப்பான் தொற்றுநோய் அல்ல. தோலை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. இந்தத் தொடர்பு 2006இல் தெரிய வந்தது. அப்படிப்பட்ட தோல் காய்ந்து வெடிக்கும். வெக்கை, வியர்வை, புகை எல்லாம் அரிப்பைக் கூட்டும். 2018இல் சட்டவிரோதப் பிளாஸ்டிக் ஆலைகளின் புகையில் தவித்த எங்கள் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெடித்த தோலில் 'ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்ற பாக்டீரியா எளிதாகக் குடியேறும். 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எக்ஸிமா உள்ளவர்களில் 100க்கு சுமார் 70 பேரின் புண்பட்ட தோலில் அது இருந்தது. அது வெளியிடும் நச்சு அரிப்பைத் தூண்டும். சொறியச் சொறியத் தோல் மேலும் கிழியும், கிருமி மேலும் பெருகும்.

அப்படியானால் கிருமியைக் கொன்றுவிட்டால் போதாதா? கிருமி தோலில் குடியிருப்பது வேறு, தொற்றாக மாறுவது வேறு. பிரிட்டனில் லேசான தொற்று இருப்பதாகக் கருதப்பட்ட 113 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. வழக்கமான ஸ்டீராய்டு கிரீமோடும் மாய்ஸ்சரைசரோடும் ஆன்டிபயாட்டிக் சேர்த்ததில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

மாறாக, ஃபுசிடிக் ஆசிட் போன்ற கிரீமை அடிக்கடி தடவினால், அதற்கு மசியாத கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகும். அவை ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் பரவும். நாளை பிள்ளைக்கு உண்மையிலேயே சீழ் பிடித்துக் காய்ச்சல் வரும்போது, கைகொடுக்க வேண்டிய மருந்து கைவிட்டுவிடலாம். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பற்றி 1961லேயே செய்தி வந்துவிட்டது. அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து அப்போது சில ஆண்டுகள்கூட ஆகவில்லை.

நம் நாட்டில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்க மருத்துவரின் சீட்டு வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் டியூபை எந்தச் சட்டமும் வந்து பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அன்றாடம் செய்ய வேண்டியவை எளியவை. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றியெடுத்து, உடனே மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட எக்ஸிமா வழிகாட்டியும் இதற்கு முக்கியத்துவம் தருகிறது. டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஸ்டீராய்டு கிரீமுக்குப் பயந்து பாதியில் நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடுங்கள். வெடித்த தோலில் மஞ்சளும் வேப்பிலையும் எரிச்சல் தரலாம்.

சீழ், தேன் நிறப் பொருக்கு, பரவும் சிவப்பு, காய்ச்சல், வலியுள்ள சிறு கொப்புளங்கள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அப்போது ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம்; கொடுத்தால் சொன்னபடி முடியுங்கள். தொற்று திரும்பத் திரும்ப வந்தால், தோலில் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று அதில் தெரியும்.

கிளினிக்கில் கிரீமைக் கையில் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: "டாக்டர், இது தொற்றா, வெறும் கரப்பானா?"