துபாய்க்கு இரண்டே முக்கால் மணி நேரமா? டிக்கெட்டை சரியா பாருங்க!

திருநின்றவூர்,

வெளிநாட்டு வேலைக்கு முதல் தடவை போகிறவர்களை டிக்கெட்டில் இருக்கும் நேரம் குழப்பி விடும். சென்னையில் காலை 10 மணிக்கு கிளம்பும் விமானம் துபாயில் பகல் 12.45-க்கு இறங்கும் என்று போட்டிருக்கும். அதே 10 மணிக்கு கிளம்பி சிங்கப்பூர் போனால் மாலை 4.45 என்று இருக்கும்.

துபாய்தான் பக்கம்னு நினைச்சுடாதீங்க. இரண்டு ஊருமே சென்னையில் இருந்து சுமார் 2,900 கிலோ மீட்டர். பறக்கும் நேரமும் ஏறக்குறைய நாலேகால் மணிதான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் நம்ம ஊர் கடிகாரப்படி, இறங்கும் நேரம் அந்த ஊர் கடிகாரப்படி. துபாய் கடிகாரம் நமக்கு 1½ மணி பின்னால் ஓடுகிறது. சிங்கப்பூர் 2½ மணி முன்னால்.

பெரிய வில்லங்கம் நள்ளிரவு விமானம்தான். "10-ந்தேதி 00.30" என்றால் 9-ந்தேதி ராத்திரி 12.30 மணி. 10-ந்தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால், விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். டிக்கெட் காசு போச்சு. விசா கெடு நெருங்கி இருந்தால் வேலைக்கே ஆபத்து.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடியே போயிடணும். புறப்பட 1 மணி நேரம் இருக்கும்போதே பொதுவாக கவுண்டரை மூடி விடுவார்கள். ஆக, 9-ந்தேதி இரவு 9.30-க்கு மீனம்பாக்கத்தில் இருக்கணும். திருநின்றவூரில் 7 மணிக்காவது மின்சார ரெயில் ஏறுங்க. சென்ட்ரலில் மெட்ரோ ரெயில் மாறினால் விமான நிலையத்திலேயே இறங்கலாம். கட்டணம் குறைவா வேணும்னா எதிரே பூங்கா நிலையத்தில் தாம்பரம் ரெயில் பிடிச்சு திரிசூலத்தில் இறங்குங்க.